பையருக்கு லேட் ஷிப்மென்ட் மெயில்: 'இன்ஃபார்ம் யூ'வா, 'லெட் யூ நோ'வா?

பனியன்ஊர் மெர்ச்

வணக்கம்ங்க எல்லாருக்கும். திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசரா சேர்ந்து எட்டு மாசம் ஆச்சு. பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம், அப்புறம் பி.காம். இங்கிலீஷ் படிச்சா புரிஞ்சிரும், எழுத உட்கார்ந்தா மட்டும் ஒவ்வொரு வார்த்தையும் சரிதானான்னு சந்தேகமாவே இருக்கும்.

விஷயம் என்னன்னா, லண்டன் பையர் (நம்ம சரக்க வாங்குற கம்பெனி) ஆர்டர் ஒண்ணு ஓடிட்டு இருக்கு, குழந்தைங்க டீ-ஷர்ட், நேவி கலர். லேப் டிப் (கலர் பாக்க முதல்ல சாயம் போட்டு அனுப்புற சின்னத் துணித் துண்டு) எல்லாம் அவங்க அப்ரூவ் பண்ணிட்டாங்க, ஆனா டையிங்ல, அதாவது சாயப்பட்டறையில இருந்து வந்த பல்க் துணியில (ஆர்டருக்கான மொத்தத் துணி) ஷேடு சேரல, ஜன்னல் பக்கம் கொண்டு போய் அப்ரூவ்ட் துண்டோட வச்சுப் பார்த்தா இது லேசா சிவப்பு அடிக்குது. திரும்ப டையிங்குக்கு அனுப்பிருக்கோம். அது வந்து காம்பேக்டிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங்னு கணக்குப் போட்டா 14ஆம் தேதி ஃபேக்டரிய விட்டுக் கிளம்ப வேண்டிய சரக்கு 23ஆம் தேதிதான் கிளம்பும். ஒன்பது நாள் லேட்டுங்க. இதை நான்தான் மெயில் போட்டுச் சொல்லணும்.

மேனேஜர் சொல்றாரு, 'திஸ் இஸ் டு இன்டிமேட் யூ தட்'னு ஆரம்பிச்சு எழுது, அப்பதான் மரியாதை, கம்பெனி லெட்டர் மாதிரி இருக்கும்னு. பக்கத்து சீட்டு சீனியர் அக்கா, அப்படி எல்லாம் எழுதாத தம்பி, 'ஜஸ்ட் எ க்விக் நோட் டு லெட் யூ நோ'ன்னு போடு, அவங்களே நமக்கு 'ஹாய்'னு பேர் சொல்லித்தானே எழுதுறாங்கன்னு சொல்றாங்க. எனக்கு ரெண்டுமே பயமா இருக்கு. முன்னாடி ஒரு தடவ 'ஐ இன்டிமேட்டட் யூ ஆன் மண்டே'ன்னு எழுதினேன், அதுக்கு பையர் கம்பெனில எனக்கு மெயில் போடுற அந்தம்மா 'ஸாரி, வாட் டூ யூ மீன்'னு கேட்டு பதில் போட்டாங்க, அன்னைக்கு முழுக்க எனக்கு வேலையே ஓடல. 'லெட் யூ நோ'ன்னு போட்டா ஒன்பது நாள் லேட் பண்ணிட்டு சாதாரணமா சொல்றானேன்னு நினைச்சுக்குவாங்களோ?

இன்னொண்ணு, 'இன்ஃபார்ம் டு யூ'வா 'இன்ஃபார்ம் யூ'வா? நாளைக்கு மத்தியானத்துக்குள்ள அனுப்பணும், தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

கோவை கோடர்

சகோ, நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க. நான் ஐடில பத்து வருஷமா யூகே கிளையண்ட்கூடதான் வேலை பாக்குறேன், அவங்க எப்படி எழுதுறாங்களோ நாமளும் அப்படியே எழுதிட்டா போதும். ஹாய்னு எழுதினா ஹாய், டியர்னு எழுதினா டியர். நாங்க டெய்லி யூஸ் பண்றது 'ஜஸ்ட் எ ஹெட்ஸ் அப்', 'கீப் யூ போஸ்டட்', 'கீப் மி இன் தி லூப்' இதான். 'இன்டிமேட்' எல்லாம் நம்ம ஊர் ஆபீஸ் பாஷை, அங்க யாரும் சொல்றதில்ல. 'ஹெட்ஸ் அப்'னு போட்டு அனுப்பிருங்க, வேலை முடிஞ்சுது.

மதுரை ஆங்கில ஆசிரியர்

தம்பி, முப்பது வருஷம் கல்லூரியில இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்துட்டு இப்ப ரிட்டயர் ஆயிட்டேன். உங்க கேள்வி நல்ல கேள்வி, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

முதல்ல இலக்கணத்த முடிச்சிருவோம். 'இன்ஃபார்ம் யூ'தான் சரி, நடுவுல 'டு' வராது. 'டெல்'லும் அப்படித்தான், 'டெல் யூ'. 'ஸே'க்கும் 'எக்ஸ்ப்ளெய்ன்'க்கும்தான் 'டு' வேணும். தமிழ்ல எல்லாத்துக்கும் 'உங்களுக்கு'ன்னு கு போட்டுச் சொல்றோம் இல்லையா, உங்களுக்குச் சொல்றேன், உங்களுக்குத் தெரிவிக்கிறேன், அந்தக் 'கு'தான் இங்கிலீஷ்ல 'டு'வா வந்து ஒட்டிக்குது. அப்புறம் 'இன்ஃபார்ம்'க்குப் பின்னாடி விஷயத்தச் சொல்ல 'ஆஃப்', 'அபவுட்', இல்லன்னா 'தட்' போடலாம். 'இன்ஃபார்ம் ஆன்'னு மட்டும் ஆளைக் குறிச்சு எழுதிறாதீங்க, அது போலீஸ்ல காட்டிக் கொடுக்கிறது, நம்ம ஊர்ல 'இன்ஃபார்மர்'னு சொல்றோமே அது. 'இன்ஃபர்மேஷன்ஸ்'னு பன்மையும் கிடையாது.

இப்ப 'இன்டிமேட்'. உங்க மேனேஜர் சொன்னது தப்புன்னு நான் சொல்லமாட்டேன். முறைப்படி அறிவிக்கிறதுங்கிறது அந்தச் சொல்லுக்கு இங்கிலீஷ்ல பழைய பொருள், ஸ்காட்லாந்து சட்டத்துல இன்னைக்கும் 'இன்டிமேஷன்'னா முறையான அறிவிப்புதான். நம்ம அரசு ஆபீஸ் இங்கிலீஷ்ல அது அப்படியே தங்கிருச்சு. ஆனா லண்டன்ல இருக்கிற சாதாரண ஆளுக்கு 'இன்டிமேட்'னு வினையாப் போட்டா, வெளிப்படையாச் சொல்லாம ஜாடையா உணர்த்துறதுன்னு அர்த்தம். நீங்க திங்கக்கிழமையே தெளிவாச் சொன்னேன்னு எழுதினது அவங்களுக்கு திங்கக்கிழமை ஜாடையாச் சொன்னேன்னு போய்ச் சேர்ந்திருக்கும், அதனாலதான் என்ன சொல்ல வர்றீங்கன்னு கேட்டிருக்காங்க. நீங்க வெட்கப்பட அதுல ஒண்ணுமே இல்ல, ஒரே சொல் ரெண்டு ஊர்ல ரெண்டு பொருள்ல நிக்குது, அவ்வளவுதான்.

அடுத்தது ஏன் இப்படி ஒரே விஷயத்துக்கு ரெண்டு வரிசை சொல் இருக்குங்கிறது. 1066ல நார்மன்காரங்க இங்கிலாந்தப் பிடிச்சதுக்கு அப்புறம் அரண்மனை, கோர்ட், ஆட்சி எல்லாம் பிரெஞ்சு பேசுச்சு, வயல்லயும் வீட்டுலயும் பழைய இங்கிலீஷ். 'டெல்', 'நோ', 'ஆஸ்க்', 'பை', 'ஹெல்ப்' வீட்டுல இருந்து வந்த சொல். 'இன்ஃபார்ம்', 'நோட்டிஃபை', 'இன்க்வயர்', 'பர்ச்சேஸ்', 'அசிஸ்ட்' பிரெஞ்சு, லத்தீன் வழியா மேல இருந்து வந்த சொல். அந்த மேல் கீழ் வாசனை இன்னும் போகல. தமிழ்லயும் நமக்கு இது தெரியாததில்ல. அம்மாகிட்ட 'சொல்றேன்', ஆபீஸ்ல 'தெரிவிச்சுக்கிறேன்', கலெக்டர் ஆபீஸ் போர்டுல 'அறிவிக்கப்படுகிறது'. யாராவது வீட்டுக்கு வந்து 'சாப்பாடு தயார் எனத் தெரிவித்துக்கொள்கிறேன்'னு சொன்னா எப்படி இருக்கும், அந்த உறுத்தல்தான் 'ஹாய்'னு எழுதுற ஆளுக்கு 'திஸ் இஸ் டு இன்டிமேட் யூ'ன்னு அனுப்பும்போது அந்தப் பக்கம் வரும்.

ஆனா நம்ம ஆளுங்க ஏன் பெரிய சொல்லைத் தேடிப் போறாங்கன்னு நான் வகுப்புல வருஷா வருஷம் யோசிச்சிருக்கேன். தமிழ்ல மரியாதை வினையோட கடைசியிலயே இருக்கு, 'வா'வுக்கு ஒரு 'ங்க' சேர்த்துட்டா மரியாதை வந்துரும். இங்கிலீஷ்ல எல்லாருக்கும் ஒரே 'யூ'. அந்த 'ங்க' இல்லாத குறைய நாம 'கைண்ட்லி', 'ரெஸ்பெக்டட்', 'இன்டிமேட்', 'டூ தி நீட்ஃபுல்'னு கனமான சொல்லப் போட்டு நிரப்பப் பாக்குறோம். ஸ்கூல்ல லீவ் லெட்டர் எழுதப் பழகினதும் அப்படித்தான். இங்கிலீஷ்ல மரியாதை அங்க இல்ல தம்பி. 'குட் யூ', 'வுட் யூ', 'ஐ'ம் அஃப்ரெய்ட்' மாதிரி மெல்லிய சொல்லுல இருக்கு, அதைவிட விஷயத்த சீக்கிரம், தெளிவா, எதிராளி தேட விடாம சொல்றதுல இருக்கு. 1979ல லண்டன்ல பார்லிமென்ட் ஸ்கொயர்ல கிறிஸ்ஸி மேஹர்னு ஒரு அம்மா நூத்துக்கணக்கான அரசாங்க ஃபாரத்த எல்லார் முன்னாடியும் கிழிச்சுப்போட்டு 'ப்ளெய்ன் இங்கிலீஷ் கேம்பெய்ன்' ஆரம்பிச்சாங்க, சாதாரண ஜனங்களுக்கு அந்த ஃபாரம் பாஷை புரியலங்கிற கோபம். அமெரிக்காவுல 2010ல இதுக்குச் சட்டமே வந்துச்சு, 'ப்ளெய்ன் ரைட்டிங் ஆக்ட்'. இங்கிலீஷ்காரங்களே கனத்த இங்கிலீஷ விட்டு இறங்கி வந்துட்டு இருக்காங்க.

அதுக்காக கோவை தம்பி சொன்ன 'ஜஸ்ட் எ ஹெட்ஸ் அப்' இங்க ஆகாது. 'ஹெட்ஸ் அப்'னா இனிமே வரப்போற ஒண்ணுக்கு முன்கூட்டி ஒரு சத்தம் கொடுக்கிறது, நாளைக்கு சர்வர் ரெண்டு மணி நேரம் நிக்கும் பாத்துக்கங்கங்கிற மாதிரி. ஒருத்தரோட சரக்கு ஒன்பது நாள் தள்ளிப்போகுது, அங்க அவங்க கடைக்கு எப்ப வரும்னு திட்டம் போட்டு வச்சிருப்பாங்க. அதுக்கு முன்னாடி 'ஜஸ்ட்' போட்டா உங்க கஷ்டம் எனக்குப் பெருசா தெரியலன்னு ஆயிரும். 'க்விக் நோட்'டும் அப்படித்தான்.

கோவை கோடர்

சார் சொல்றது சரி, ஒத்துக்கிறேன். நான் எங்க சின்னச் சின்ன அப்டேட்ட மனசுல வச்சு எழுதிட்டேன். எங்களுக்கே ப்ரொடக்‌ஷன்ல (அதாவது கிளையண்ட் யூஸ் பண்ற லைவ் சிஸ்டத்துல) பெரிய பிரச்சினைன்னா யாரும் 'ஹெட்ஸ் அப்'னு எழுதமாட்டாங்க, நேரா என்ன உடைஞ்சிருக்கு, எப்ப சரியாகும்னுதான் முதல் வரி.

வார்டு நைட் டியூட்டி

நான் நாகர்கோவில் பக்கம், இப்ப யூகேல ஒரு ஆஸ்பத்திரில நர்ஸா இருக்கேன். இந்தத் திரியப் பார்த்ததும் எழுதாம இருக்க முடியல, ஏன்னா எனக்கு இந்தக் குழப்பம் இங்க வந்த முதல் மாசமே வந்துச்சு.

ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு பேஷண்ட்டுக்கு பிபி இறங்குது, காய்ச்சல் ஏறுது. டாக்டர பிளீப் பண்றேன் (பேஜர்ல கூப்பிடுறது), அவர் ஃபோன் பண்றாரு. நான் ஊர்ல பழகின மாதிரி 'டாக்டர், ஐ வுட் லைக் டு இன்ஃபார்ம் யூ தட்'னு ஆரம்பிச்சேன், பேரு, வயசு, எப்ப அட்மிட் ஆனாங்கன்னு வரிசையா சொல்லிட்டு வர்றேன், அவர் நடுவுலயே நிறுத்தி, இப்ப என்ன பிரச்சினைன்னு கேட்டாரு. கோபமா இல்ல, அவருக்கு அவசரம். அப்புறம் வார்டு சிஸ்டர் எனக்கு 'எஸ்பார்'னு சொல்லிக் கொடுத்தாங்க, முதல்ல இப்ப நிலைமை என்ன, அடுத்து பின்னணி, அடுத்து நீ பார்த்தது என்ன, கடைசியா உனக்கு என்ன வேணும். அதுக்கப்புறம் ஃபோன்ல நான் பேசுறது இப்படித்தான், 'ஐ'ம் வரீட் அபவுட் த லேடி இன் பெட் ஃபோர், ஹெர் பிபி இஸ் ட்ராப்பிங்'. ஒரு 'இன்ஃபார்ம்' கூட கிடையாது.

ஆனா ஃபோன வச்சதும் நோட்ஸ்ல எழுதுறது என்ன தெரியுமா? 'டாக்டர் இன்ஃபார்ம்ட் அட் 02.10'. வீட்டுக்காரங்களுக்குச் சொன்னா 'நெக்ஸ்ட் ஆஃப் கின் இன்ஃபார்ம்ட்'. வாயால சொன்னது 'லெட்டிங் யூ நோ', பேப்பர்ல ஏறுறது 'இன்ஃபார்ம்ட்'. ஏன்னா நாளைக்கு யாராவது எப்பச் சொன்னீங்கன்னு கேட்டா அந்த வரிதான் நிக்கும். அதனால கேஷுவலா ஃபார்மலான்னு கேக்குறதுக்கு முன்னாடி, இது ஆளுக்குச் சொல்றதா, ஆவணத்துல நிக்கப் போறதான்னு கேட்டுக்கங்க தம்பி.

இன்னொண்ணு சொல்லணும். கெட்ட செய்தி சொல்றதுக்கு இங்க எங்களுக்கு ட்ரெய்னிங்கே உண்டு. 'வி ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ'ன்னு நேர்ல யாரும் சொல்லக்கூடாது, அது லெட்டர் பாஷை, கேக்குறவங்களுக்கு சுவத்துகூட பேசுற மாதிரி இருக்கும். 'ஐ'ம் அஃப்ரெய்ட் ஐ ஹேவ் ஸம் பேட் நியூஸ்'னு ஒரு வரி, கொஞ்சம் நிறுத்தி, அப்புறம் சுத்தி வளைக்காம விஷயம். இறந்துட்டாங்கன்னா 'டைட்'னே சொல்லணும், 'பாஸ்ட் அவே'ன்னு மழுப்பினா அந்த நேரத்துல சிலருக்குப் புரியாமப் போயிரும். நான் முதல் தடவ ஒரு வயசான அம்மாகிட்ட அவங்க கணவரப் பத்திச் சொன்னப்ப என் கை நடுங்குச்சு, ஆனா அந்தச் சின்னச் சொல்லுங்கதான் என்னையும் நிறுத்திச்சு அவங்களையும் நிறுத்திச்சு.

துணி லேட்டும் இதுவும் ஒண்ணில்ல, தெரியும். ஆனா 'ஐ'ம் அஃப்ரெய்ட்'ங்கிற அந்த ஆரம்பம் உங்க மெயிலுக்கு அப்படியே பொருந்தும். விறைப்பாவும் இருக்காது, அலட்சியமாவும் இருக்காது.

துறைமுகம் டாக்குமென்ட்ஸ்

தூத்துக்குடில ஷிப்பிங் டாக்குமென்டேஷன் வேலை. நர்ஸ் சிஸ்டர் சொன்ன ஆவண விஷயத்துக்கு எங்க பக்கத்துல இருந்து ஒண்ணு சேர்க்கிறேன். நீங்க தினம் பாக்குற பேப்பர்லயே இந்தச் சொல் எல்லாம் இருக்கு பாருங்க. பில் ஆஃப் லேடிங்ல (சரக்கு ஏத்தினதுக்கு கப்பல் கம்பெனி கொடுக்கிற பேப்பர்) 'நோட்டிஃபை பார்ட்டி'ன்னு ஒரு கட்டம், சரக்கு போய்ச் சேருறப்ப யாருக்குத் தகவல் சொல்லணுமோ அவங்க பேரு. எல்சில (லெட்டர் ஆஃப் க்ரெடிட், பையரோட பேங்க் பணத்துக்குக் கொடுக்கிற உத்தரவாதம்) 'அட்வைசிங் பேங்க்', அது புத்திமதி சொல்ற பேங்க் இல்ல, எல்சி வந்திருக்குன்னு நமக்குத் தெரிவிக்கிற பேங்க். கப்பல் ஏத்தினதும் பையருக்கு அனுப்புறது 'ஷிப்பிங் அட்வைஸ்'. இங்க எல்லாம் கனமான சொல்தான் சரி, இத மாத்தி 'லெட் நோ பார்ட்டி'ன்னு போட முடியாது, ஏன்னா இது பேச்சு இல்ல, பொறுப்பு யாருதுன்னு காட்டுற பேரு.

இதச் சொல்றதுக்குக் காரணம், உங்க ஆர்டர் எல்சிலயா, இல்ல டிடிலயா (டெலிகிராஃபிக் ட்ரான்ஸ்ஃபர், பேங்க் வழியா நேரா பணம் அனுப்புறது)ன்னு முதல்ல பாருங்க. எல்சின்னா 'லேட்டஸ்ட் டேட் ஆஃப் ஷிப்மென்ட்'னு ஒரு தேதி இருக்கும். 23ஆம் தேதி ஃபேக்டரிய விட்டுக் கிளம்பி, இங்க போர்ட்டுக்கு வந்து, கஸ்டம்ஸ் முடிஞ்சு, கப்பல்ல ஏறுற தேதி அதத் தாண்டிருச்சுன்னா டாக்குமென்ட்ல டிஸ்க்ரெபன்ஸி (எல்சில இருக்கிறதோட ஒத்துப்போகாத குறை) விழும், பேங்க் பணம் கொடுக்க மறுக்கலாம். அப்ப மெயில் நயமா இருந்து பிரயோஜனம் இல்ல, எல்சி அமெண்ட்மென்ட் (எல்சில திருத்தம்) வேணும்னு தனியா, ஆர்டர் நம்பர், எல்சி நம்பர், பழைய தேதி, புது தேதி எல்லாம் போட்டு கம்பெனி பேர்ல ஃபார்மலா கேக்கணும். அங்க உங்க மேனேஜர் பாணி செல்லும், 'வி ரைட் டு நோட்டிஃபை யூ'ன்னு தாராளமா எழுதலாம், 'இன்டிமேட்' மட்டும் வேண்டாம். அந்தம்மாவுக்குப் போற மெயில் வேற, இது வேற. ரெண்டையும் ஒரே மெயில்ல போட்டுக் கலக்காதீங்க.

பனியன்ஊர் மெர்ச்

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. சார் எழுதினத ரெண்டு தடவ படிச்சேன், அந்த 'ங்க' விஷயம் எனக்கு அப்படியே பொருந்துதுங்க, நான் 'கைண்ட்லி' போடாம ஒரு மெயில் கூட அனுப்பினதில்ல. எல்சி எடுத்துப் பார்த்தேன், லேட்டஸ்ட் ஷிப்மென்ட் தேதி அடுத்த மாசம் 5, தாங்கும்னு எங்க கம்பெனி டாக்குமென்ட்ஸ் டிபார்ட்மென்ட்ல சொல்லிட்டாங்க.

நர்ஸ் அக்கா சொன்னபடி இப்படி ஆரம்பிச்சிருக்கேன், பாத்துச் சொல்லுங்க:

'ஹாய், ஹோப் யூ ஆர் டூயிங் வெல். ஐ ஆம் அஃப்ரெய்ட் டு இன்ஃபார்ம் யூ தட் தேர் இஸ் ஸம் டிலே இன் தி நேவி டீ-ஷர்ட் ஆர்டர் ட்யூ டு டையிங் இஷ்யூ. கைண்ட்லி பேர் வித் அஸ். வில் இன்டிமேட் தி நியூ டேட் சூன்.'

மதுரை ஆங்கில ஆசிரியர்

நல்லாப் போயிட்டு இருக்கு தம்பி, மூணு இடம் திருத்தணும்.

'அஃப்ரெய்ட் டு' போட்டா பொருள் மாறிரும். 'ஐ ஆம் அஃப்ரெய்ட் டு இன்ஃபார்ம் யூ'ன்னா உங்ககிட்ட சொல்லவே பயமா இருக்குன்னு ஆகும். 'ஐ'ம் அஃப்ரெய்ட்' போட்டுட்டு நேரா வாக்கியத்த எழுதுங்க, 'ஐ'ம் அஃப்ரெய்ட் தி ஆர்டர் வில் பி நைன் டேஸ் லேட்'. அப்ப அது பயம் இல்ல, வருத்தத்தோட சொல்றேங்கிற நயம். அதுக்குப் பின்னாடி 'இன்ஃபார்ம்'மே தேவையில்ல பாருங்க, சொல்லப் போறேன்னு சொல்லாம சொல்லியே முடிச்சுட்டீங்க.

ரெண்டாவது, 'ஸம் டிலே'ன்னா எத்தன நாள்? 'டையிங் இஷ்யூ'ன்னா என்ன? இத ரெண்டையும் கேட்டு அவங்க ஒரு மெயில் போடணும், நீங்க ஒண்ணு போடணும், ஒரு நாள் போச்சு. உங்ககிட்ட தேதி இருக்கு, ஷேடு சேரலங்கிற காரணமும் இருக்கு, அத மறைக்கிற மாதிரி எழுதினா சந்தேகம்தான் வரும்.

மூணாவது, 'சூன்'க்குப் பதிலா ஒரு கிழமை போடுங்க. 'ஐ வில் லெட் யூ நோ பை ஃப்ரைடே'. இங்க 'லெட் யூ நோ' போடத் தயங்கவே வேண்டாம், இனிமே சொல்லப் போறதுக்கு அத விட இயல்பான சொல் இங்கிலீஷ்ல இல்ல.

சிங்கை வாசி

சின்ன விஷயம், கடைசியில 'ப்ளீஸ் ரிவர்ட்'னு போட்டுறாதீங்க. இங்க சிங்கப்பூர்ல எல்லா ஆபீஸ் மெயில்லயும் ரிவர்ட்னா பதில் போடுன்னு அர்த்தம், இந்தியாவுலயும் அப்படித்தான். இங்கிலாந்துல நிறைய பேருக்கு பழைய நிலைமைக்குத் திரும்புறதுன்னுதான் தோணும். ஷேடு விஷயத்துல 'ரிவர்ட்'னு எழுதினா பழைய கலருக்கே போகச் சொல்றீங்களான்னு கேட்டாலும் கேப்பாங்க. 'லெட் மீ நோ இஃப் தட் வொர்க்ஸ் ஃபார் யூ' போதும்.

பனியன்ஊர் மெர்ச்

அனுப்பிட்டேங்க. போன மெயில் இதான், பின்னாடி யாருக்காவது உதவும்னு முழுசா போடுறேன்:

'ஹாய், ஐ'ம் அஃப்ரெய்ட் தி நேவி டீ-ஷர்ட் ஆர்டர் வில் பி நைன் டேஸ் லேட். தி நியூ எக்ஸ்-ஃபேக்டரி டேட் இஸ் தி 23. தி பல்க் ஃபேப்ரிக் டிட் நாட் மேட்ச் யுவர் அப்ரூவ்ட் லேப் டிப், ஸோ வி ஆர் ரீ-டையிங் இட். ஐ வில் ஸெண்ட் யூ எ நியூ ஸ்வாட்ச் அண்ட் லெட் யூ நோ பை ஃப்ரைடே ஹவ் தி ஷேட் லுக்ஸ். ஐ'ம் ஸாரி ஃபார் தி டிலே. ப்ளீஸ் லெட் மீ நோ இஃப் தி நியூ டேட் காஸஸ் எனி ப்ராப்ளம் அட் யுவர் எண்ட்.'

மேனேஜர்கிட்ட காட்டினப்ப இவ்வளவு சின்னதா இருக்கேன்னு முதல்ல முகத்தச் சுளிச்சாரு. ஆர்டர் நம்பர சப்ஜெக்ட் லைன்ல போட்டு, அவரையும் சிசில வச்சு, தேதிய அவரே ஒரு தடவ சரி பாத்ததுக்கு அப்புறம் அனுப்பச் சொல்லிட்டாரு.

சாயங்காலம் ஆறு மணிக்கு பதில் வந்துச்சுங்க. 'தேங்க்ஸ் ஃபார் லெட்டிங் மீ நோ ஸோ எர்லி'ன்னு ஆரம்பிச்சு, 23 ஓகே, ஆனா அதுல பாதி பீஸ மட்டும் முன்னாடி அனுப்ப முடியுமான்னு கேட்டிருக்காங்க. இப்ப கட்டிங் மாஸ்டர்கிட்ட போய்க் கேக்கணும், முதல் லாட் துணி எப்ப டேபிளுக்கு வரும்னு.